வெளிறிய நீலம்

பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குச் சர்வேயர் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்ணின் ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. மறு கையில் அவள் செருப்பு இருந்தது. அவசரத்தில் அதைக் காலில் போட மறந்து கையிலேயே எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்திருந்தாள்.

"ஆன்ட்டி இருக்காங்களா? ஒரே ஒரு கேள்விதான். என் கம்ப்யூட்டரை ஆன் பண்ணலாமா, வேண்டாமா?"

கதவைத் திறந்தவர் சர்வேயரின் கணவர். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் வாத்தியார். நல்லதாக ஒரு குற்றம் எப்போது நடக்கும் என்று காத்திருப்பவர் அவர். அந்தக் கேள்வியின் நடுக்கத்தைக் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துவிட்டார்.

"உள்ள வாம்மா. எத்தனை மணிக்கு நடந்துச்சு?"

"ஏங்க, முதல்ல அவளை உக்கார விடுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. கடையில் தீப்பிடித்தது, வீட்டில் குழாய் வெடித்தது என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் போய், சேதம் எப்படி நேர்ந்தது என்று பார்த்துச் சொல்லும் வேலை. முப்பது வருடம் அதைப் பார்த்த பெண்மணி. தண்ணீர் எங்கே கிளம்பி எந்த வழியாக வந்தது என்பதை ஈரச் சுவரை முகர்ந்தே சொல்லிவிடுவார் என்று அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததும் இல்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை.

வந்தவள் மேல்மாடிப் பெண். கணினியில் அசையும் படங்கள் செய்வது அவள் தொழில். அதனாலேயே குடியிருப்பில் அவள் பெயர் பொம்மி. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகு கோவையாகப் பேச ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலைல பதினோரு மணிக்குப் புதுக் கோளரங்கம் திறக்கறாங்க ஆன்ட்டி. அங்க போடற முதல் படம் என்னோடது. சனிக்கிரகத்து வளையம். அஞ்சு நிமிஷம் ஓடும். அந்த அஞ்சு நிமிஷத்தைக் கணக்குப் போட்டு முடிக்க என் மிஷினுக்குப் பதினாலு மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குள்ள ஆரம்பிச்சாத்தான் எட்டு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும்."

"ஆரம்பிக்க வேண்டியதுதானே?" என்றார் வாத்தியார்.

"அதுல ஓடற தண்ணியை யாரோ மாத்தியிருக்காங்க அங்கிள்."

அந்தக் கணினியைப் பொம்மி கடையில் வாங்கவில்லை. பதினோரு மாதமாக ஒவ்வொரு உறுப்பாகத் தேடிப் பிடித்துத் தன் கையால் கட்டியிருந்தாள். பெரிய கணக்குகளைப் போடும்போது கணினி அடுப்பாகக் கொதிக்கும். சாதாரணக் கணினியில் காற்றாடி அந்தச் சூட்டை விரட்டும். இவளுடையதில் நீர் ஓடியது. கண்ணாடித் தொட்டியிலிருந்து பம்பு நீரைத் தள்ள, அது மெல்லிய குழாய்களில் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் ஆறிவிட்டு மறுபடி தொட்டிக்கு வரும். காரில் இருக்கும் அதே ஏற்பாடு. நேற்றுதான் படக் கணக்குகளைப் போடும் பழைய வரைகலை அட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு வேகமான புதியதைப் பொருத்தி, அதற்கும் குழாய் இழுத்து, நீல நிறக் குளிர்நீரை நிரப்பியிருந்தாள்.

"புதுசா குழாய் மாட்டினா உடனே ஆன் பண்ணக் கூடாது. மத்த எதுக்கும் கரன்ட் கொடுக்காம பம்பை மட்டும் சில மணி நேரம் ஓட விடணும். எங்கயாவது ஒழுகினா தெரிஞ்சுடும். காலைல சரியா ஒன்பது மணிக்குப் பம்பைப் போட்டேன். ஒவ்வொரு மூட்டுக்குக் கீழயும் டிஷ்யூ பேப்பர் வச்சேன். தொட்டியில தண்ணி எதுவரைக்கும் இருக்குன்னு பேனாவால கோடு போட்டேன். குழாய்ல கொஞ்சம் காத்து மாட்டியிருந்துச்சு, கடகடன்னு சத்தம். தானா அடங்கிடும்னு விட்டுட்டு கோளரங்கத்துக்குப் போயிட்டேன். மூணரை மணிக்கு வந்து பாக்கறேன், நீலம் வெளிறிக் கிடக்கு. தண்ணி கோட்டுக்கு மேல ஒரு விரல் ஏறியிருக்கு."

"சத்தம்?" என்று சர்வேயர் கேட்டார்.

"சுத்தமா இல்ல."

"வீட்ல கேட்டியா?"

"எல்லாரையும் கேட்டேன். யாரும் தொடவே இல்லையாம்."

அவள் குரல் இறங்கியது. "குழாய்த் தண்ணியை ஊத்தியிருந்தா உப்புப் படிஞ்சு அடைச்சுக்கும். வேற எதையாவது ஊத்தியிருந்தா உலோகத்தையே அரிச்சுடும். என்ன ஊத்தினாங்கன்னு தெரியாம நான் எப்படி ஆன் பண்றது? எல்லாத்தையும் வடிச்சுக் கழுவித் திரும்ப நிரப்பி சோதிக்கணும்னா ஒரு நாள் போயிடும்."

"அப்ப கேள்வி என்ன ஊத்தினாங்கங்கறது இல்ல. யார் ஊத்தினாங்கங்கறதுதான்," என்று சர்வேயர் எழுந்தார். "ஆள் தெரிஞ்சா தண்ணி தெரிஞ்சுடும். செருப்பைப் போட்டுக்கோ, போலாம்."

மேல்மாடி வீட்டில் கணினி இருந்தது கடைசி அறையில். கதவில் 'தயவுசெய்து எதையும் தொட வேண்டாம்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாளுக்குக் கீழே, வெள்ளைக் கதவில், கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம்.

"கிரீஸ்," என்று வாத்தியார் ரகசியமாகச் சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.

மேசை மேல் கண்ணாடிப் பெட்டியாக நின்றது கணினி. வலப்புறம் நீண்ட தொட்டி. அதிலிருந்து வளைந்து இறங்கும் குழாய்களில் நீர் ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சர்வேயர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி மூன்று முறை நடந்தார். நான்காம் முறை சுவரருகே குனிந்தார். பம்பின் ஒயர் நேராகச் சுவரில் செருகப்படவில்லை. நடுவில் ஒரு சின்ன மீட்டர் இருந்தது.

"இது என்னம்மா?"

"எவ்வளவு நேரம் ஓடியிருக்குன்னு காட்டும். கரன்ட் போனா நின்னுடும், வந்தா விட்ட இடத்துலேர்ந்து ஓடும்."

மீட்டரில் ஆறு மணி இருபது நிமிடம் என்று இருந்தது. சுவர்க் கடிகாரம் நான்கைக் காட்டியது.

"ஒன்பதுலேர்ந்து நாலு, ஏழு மணி நேரம்," என்றார் வாத்தியார். "நாப்பது நிமிஷத்தைக் காணோம்."

"இன்னைக்குக் கரன்ட் போகவே இல்ல," என்றார் சர்வேயர். "நான் காலைலேர்ந்து வீட்லதான் இருந்தேன்."

பிறகு அவர் தொட்டியின் மேல் முகத்தை வைத்து, சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தார். பேனாக் கோட்டுக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழாக, விரல் அகலத்துக்குப் பசை ஒட்டிய தடம் இருந்தது. எதையோ நெடுக்காக ஒட்டிப் பிறகு உரித்திருந்தார்கள். கடைசியாக மூட்டுகளுக்குக் கீழே டார்ச் அடித்தார். ஏழு மூட்டுகளுக்கு அடியில் பூப்போட்ட டிஷ்யூ காகிதம் உலர்ந்து கிடந்தது. எட்டாவது, புதிய அட்டையை ஒட்டி ஆக அடியில் இருந்த மூட்டு. அதன் கீழே காகிதத்துக்குப் பதிலாக வெள்ளைத் துணி ஒன்று, நான்காக மடித்து, பிசிறு எதுவும் வெளியே தெரியாமல் ஓரங்களை உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"இது நான் வச்சது இல்ல," என்றாள் பொம்மி.

"அந்த மூட்டைத் தொட்டுப் பாரு. நீ இறுக்கின மாதிரியே இருக்கா?"

பொம்மி விரலை நுழைத்துத் திருகிப் பார்த்தாள். முகம் சற்றே சிவந்தது. "நான் வச்சதை விட இறுக்கமா இருக்கு. அந்த இடத்துல கை நல்லா நுழையலை. போதும்னு விட்டேன்."

கூடத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். பொம்மியின் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவன் தம்பி கார் மெக்கானிக், அன்று விடுமுறை. மூன்றாவது அவர்கள் அம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆனவர். சோபாவின் நுனியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நேரம் எடுக்க மாட்டேன்," என்றார் சர்வேயர். "இன்னைக்கு யார் எப்ப வீட்ல இருந்தீங்க? அந்த ரூமுக்குப் போனீங்களா?"

"நான் ஒன்பதரைக்குக் கிளம்பிட்டேன்," என்றான் கணவன். "ஒண்ணு பத்துக்குச் சாப்பிட வந்தேன், ஒண்ணு முப்பத்தஞ்சுக்குப் போயிட்டேன். வாசல்ல நின்னு பாத்தேன். பைப்பெல்லாம் அழகா இருந்துச்சு. உள்ள போகலை."

தம்பி தலையைச் சொறிந்தான். "நான் எழுந்ததே பத்து மணிக்கு. அப்புறம் கீழ என் பைக் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டு இருந்தேன். நடுவுல ஒரு தடவை அண்ணியோட ஸ்க்ரூடிரைவர் வேணும்னு மேல வந்தேன். எடுத்தேன், போனேன். சத்தியமா ஒரு ஹோஸைக் கூடத் தொடலை அண்ணி."

"கதவைத் தொட்டிருக்கே," என்றார் வாத்தியார்.

தம்பி தன் கையைப் பார்த்துக்கொண்டான். நகக்கண்களில் கிரீஸ் இன்னும் இருந்தது.

"நீங்கம்மா?"

"எனக்கு அந்த லைன் பத்தியெல்லாம் என்ன தெரியும்?" என்றார் மாமியார். "நான் உண்டு, என் டிவி உண்டுன்னு இருந்தேன்." சொல்லிவிட்டு மணி பார்த்தார். அவர் கடிகாரம் கையில் இல்லை. தோளுக்குக் கீழே ஆடையில் ஊசியால் குத்தித் தொங்கியது.

பொம்மி குறுக்கிட்டாள். "அத்தை அந்த ரூமுக்கே வர மாட்டாங்க ஆன்ட்டி. போன வருஷம் கீபோர்டை ஈரத்துணியால துடைச்சுட்டாங்க. அது போயிடுச்சு. நான் கொஞ்சம் கத்திட்டேன். அதுலேர்ந்து அவங்களுக்கு மிஷின்னாலே பயம்."

"அழுக்கா இருந்துச்சு," என்றார் மாமியார் மெதுவாக.

சர்வேயர் கணவனிடம் திரும்பினார். "கடையில லென்ஸ் கழுவற மிஷின் வச்சிருக்கீங்க இல்ல? அதுக்கு என்ன தண்ணி ஊத்துவீங்க?"

"காய்ச்சி வடிச்ச தண்ணிதான். அரை லிட்டர் பாட்டிலா வரும். ஒரு பெட்டி இங்கயே ஸ்டோர் ரூம்ல இருக்கு."

வாத்தியார் மனைவியைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சு," என்றார் மூச்சிரைக்க. "முதல்ல தம்பின்னு நினைச்சேன். கிரீஸ், கார், ரேடியேட்டர். எல்லாம் பொருந்துச்சு. ஆனா பெட்டி புருஷன்கிட்ட இருக்கு. பொண்டாட்டிக்கு உதவி பண்ணப் போய் எசகுபிசகா ஏதோ ஆகி, வாயைத் திறக்க பயப்படறான். எனக்கு அந்தப் பயம் தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதை விடு. இன்னொண்ணு. அந்த அம்மாவுக்குப் பாவம், மறதி ஆரம்பிச்சிருக்கு. கடிகாரத்தைத் தலைகீழா மாட்டியிருக்காங்க."

சர்வேயர் தன் கணவரை மிகுந்த அன்போடு பார்த்தார். "இந்த ஒண்ணை நான் உறுதி பண்ணாம இருந்தேன். ரொம்ப நன்றிங்க. வாங்க, எல்லாரையும் மிஷின்கிட்டக் கூப்பிடலாம்."

நான்கு நாற்பதுக்கு ஐந்து பேரும் அந்த அறையில் கணினியைச் சுற்றி நின்றார்கள். மாமியார் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"முதல்ல ஒரு விஷயம்," என்றார் சர்வேயர். "குழாய்ல காத்து இருந்துச்சு. காத்து வெளிய போனா அந்த இடத்தைத் தண்ணி நிரப்பும். தொட்டியில மட்டம் இறங்கணும். ஏறியிருக்கு. அதனால ஒருத்தர் மேல தண்ணி சேர்த்திருக்கார். கெடுக்கணும்னு நினைக்கிறவர் காத்தை எடுத்துட்டா போவார்? வந்தவர் நல்லது பண்ண வந்தவர்."

பொம்மி மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டாவது, நாப்பது நிமிஷம் பம்பை நிறுத்தியிருக்காங்க. உன் வீட்டுக்காரர் மத்தியானம் இருந்ததே இருபத்தஞ்சு நிமிஷம். அதுல சாப்பிட வேற செய்திருக்கார். அவர் இல்ல."

"அப்பாடா," என்றான் கணவன்.

"தம்பிக்கு நேரம் இருந்துச்சு. ஆனா பைக்கைப் பிரிச்ச கையோட வந்தவர் கதவுல தடம் பதிச்சார். அதே கையால தொட்டிருந்தா அந்த வெள்ளைத் துணி என்ன ஆகியிருக்கும்? ஒரு பொட்டு அழுக்கு இல்ல. அதோட ஒரு மெக்கானிக் மூட்டை இறுக்கினா ஸ்பேனர் போடுவார், பல் தடம் விழும். இதைக் கையாலேயே இறுக்கியிருக்காங்க. சின்னக் கை. உனக்கே நுழையாத இடத்துல நுழைஞ்ச கை."

யாரும் வாசலைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருக்க முயன்றது நன்றாகத் தெரிந்தது.

"இப்ப அந்தத் துணி. பிசிறு உள்ள போற மாதிரி மடிக்கறது வீட்டுப் பழக்கம் இல்ல. ஒரு நூல் கூடக் காயத்துல ஒட்டிடக் கூடாதுன்னு மடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. தொட்டியில நெடுக்கா ஒரு பசைத் தடம். எந்த நேரத்துல தண்ணி எந்த மட்டத்துல இருக்குன்னு குறிச்சுக்கிட்டே வர, பட்டை ஒட்டியிருக்காங்க. சலைன் பாட்டில்ல ஒட்டற மாதிரி. இதை நீ குழாய்னு சொல்றே. உன் வீட்டுக்காரர் பைப்ங்கறார், தம்பி ஹோஸ்ங்கறார். ஒரே ஒருத்தர்தான் லைன்னு சொன்னார். நோயாளி கைக்கு மருந்து போற குழாய்க்கு ஆஸ்பத்திரியில அதான் பேரு. தலைகீழா மாட்டின கடிகாரமும் மறதி இல்ல. ரெண்டு கையும் வேலையா இருக்கும்போது குனிஞ்சு பாத்தா நேரா தெரியும்."

வாத்தியார் குறிப்பேட்டில் ஒரு வரியை அடித்தார்.

"அம்மா எங்க வேலை பாத்தாங்க?"

"ஆபரேஷன் தியேட்டர்ல," என்றான் கணவன் பிரமிப்பாக. "முப்பத்திநாலு வருஷம் நர்ஸ்."

"அப்ப ஸ்டோர் ரூம் பெட்டியைக் கொண்டு வாங்க. அதுல ஒரு பாட்டில் திறந்திருக்கும். மூடி இறுக்கி மூடியிருக்கும். மேல இன்னைக்குத் தேதியும் திறந்த நேரமும் எழுதி ஒட்டியிருக்கும். அப்படி எழுதாம ஒரு பாட்டிலைத் திறந்து வைக்க அந்தக் கையால முடியாது."

தம்பி ஓடினான். திரும்பி வரும்போது பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதன் தோளில் வெள்ளைப் பட்டை. குட்டி எழுத்தில் தேதி; கீழே, 11.40.

பொம்மி வாசலைப் பார்த்தாள். "அத்தை?"

மாமியார் பேச ஆரம்பித்ததும் பழைய வார்டு அறிக்கையைப் படிப்பது போல ஒழுங்காக வந்தது.

"பதினொன்றரைக்கு டிவியை நிறுத்தினேன். அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. வந்து பாத்தா லைன் முழுக்கக் காத்து. என்னால அதைப் பாத்துட்டு சும்மா போக முடியலை பொம்மி. கிட்ட வந்தா அடி மூட்டுல சொட்டு. நிமிஷத்துக்கு நாலு. பேப்பர் நனைஞ்சு ஊறிப் போயிருந்துச்சு. பம்பை நிறுத்தினேன், இறுக்கினேன், துடைச்சேன், துணி வச்சேன். பெட்டியை மெல்லச் சாய்ச்சு லைனைச் சுண்டிச் சுண்டிக் காத்தை ஏத்தி விட்டேன். குறைஞ்ச தண்ணிக்கு இதை ஊத்தினேன். பன்னெண்டு பத்துக்குத் திரும்பப் போட்டேன். ஒரு மணி வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து மட்டம் பாத்தேன். அப்புறம் சொட்டவே இல்ல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே அத்தை."

"தொடாதேன்னு எழுதி ஒட்டியிருக்கே. அதை விடு." அவர் தன் விரல்களைப் பார்த்தார். "பதினோரு மாசமா யாரையும் கிட்ட விடாம நீயே கட்டினே. அதுல ஒழுகுதுன்னு நான் வந்து சொல்லணுமா? கோடு வரைக்கும் ஊத்தியிருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஒரு விரல் அதிகமாப் போச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

பொம்மி கதவருகே போனாள். அந்தத் தாளைப் பிய்த்து, கசக்கி, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மாமியாரின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்து வந்து, கணினிக்கு முன்னால் நிறுத்தினாள். "காய்ச்சி வடிச்ச தண்ணியால எதுவும் ஆகாது. நீங்களே போடுங்க."

"எந்தப் பட்டன்?"

"அந்த வட்டமா இருக்கறது."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு விரலால், நோயாளியின் நாடியைத் தொடுவது போலத் தொட்டார். விளக்குகள் எரிந்தன. நீர் ஓடியது. ஐந்து நாற்பதுக்குச் சனிக்கிரகம் தன் கணக்கைத் தொடங்கியது. கால் மணி நேரம் கழித்துப் பொம்மி திரையில் சூட்டைப் பார்த்தாள். ஐம்பத்து இரண்டு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அவள் எதிர்பார்த்தது அறுபது.

"காத்து இல்லாத லைன்," என்றார் மாமியார், அவ்வளவுதான் என்பது போல.

படிக்கட்டில் இறங்கும்போது வாத்தியார் கேட்டார். "எப்ப உனக்குத் தெரிஞ்சுது?"

"துணியைப் பாத்ததும் சந்தேகம். நீங்க கடிகாரத்தைப் பத்திச் சொன்னதும் நிச்சயம். அது சரி, என்கிட்ட என்னத்தைச் சொல்ல பயந்தீங்க?"

வாத்தியார் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டி வேகமாக இறங்கினார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அத்தனை பேரும் கோளரங்கத்தின் சாய்வு நாற்காலிகளில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். விளக்குகள் அணைந்தன. தலைக்கு மேலே இருள் விரிந்து, அதில் சனி மெதுவாக எழுந்தது. வளையம் கிட்டே வர வர அது பனிக்கட்டிகளாகப் பிரிந்தது. குடம் அளவு, வீடு அளவு, மலை அளவு. முன்வரிசைக் குழந்தை ஒன்று பிடிப்பதற்காகக் கையை நீட்டியது. மாமியார் மூச்சுவிடாமல் பார்த்தார். ஒரு வருடமாக மூடிய கதவுக்குப் பின்னால் தன் மருமகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதை அவர் இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார்.

"எத்தனை கல்லு இது?" என்று கிசுகிசுத்தார்.

"நாலு கோடி, அத்தை."

"ஒவ்வொண்ணும் நீயா வச்சே?"

"மிஷின் வச்சுது. எப்படிச் சுத்தணும்னு நான் சொன்னேன்."

மாமியார் சற்று நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று யோசித்தது போலிருந்தது. பிறகு மருமகள் பக்கம் சாய்ந்தார்.

"பொம்மி, அந்த ஓரத்து வரிசையில ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கமா சுத்துது."

பொம்மி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க?"

"அதோ, குட்டியா. இடது பக்கம்."

நாலு கோடியில் ஒன்று, நிஜமாகவே, மற்றவற்றுக்கு எதிராக ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது. பொம்மிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமியாருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு இருக்கை தள்ளியிருந்து வாத்தியார் 'உஷ்' என்றார். அதற்கு அவர்கள் இன்னும் அதிகமாகக் குலுங்கினார்கள்.